பத்து நிமிடம் ஓடி நிற்கும் மெசின்

அக்டோபர் 1, புதன்

பி.பி. காலை 138/88.

தினமும் பி.பி.யை எழுதி வை என்று டாக்டரம்மா சொன்னதால்தான் இந்த டைரி. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மீதியைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. காகிதம் வீணாகக் கூடாது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

இன்று ஆயுத பூஜை. மருதவனம் முதியோர் குடியிருப்பில் பராமரிப்புப் பொறுப்பை நான் ஏற்ற பிறகு இது நாலாவது பூஜை. ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார்கள், புல்வெட்டி மெசின், மண்வெட்டி, செடி கத்தரி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தினோம். பொட்டு வைப்பது மட்டும் என் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். தோட்டக்காரன் மாரப்பன் சூடம் காட்டினான். ஆகஸ்டில்தான் வேலைக்குச் சேர்ந்தான். அவன் மனைவி பூங்கொடிக்கு எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் வேலை. இரண்டு பேரும் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் குடியிருக்கிறார்கள். பூங்கொடி செய்த சுண்டலை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துப் புல்வெட்டி மெசினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினோம். சத்தம் ஜோராக இருந்தது. 136/86.

அக்டோபர் 4, சனி

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. புல்வெளியில் புல் கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டது. நேற்றுக் காலை நடைபாதை ஓரமாகப் பாம்பு ஒன்று போனதை லோகாம்பாள் அம்மா பார்த்திருக்கிறார். அவருக்கு எண்பத்தொரு வயது. இங்கே இருக்கும் அறுபத்திரண்டு பேரில் பாதிப் பேர் வாக்கர் பிடித்து நடப்பவர்கள். பாம்பைக் கண்டால் ஓடவா முடியும்? செயலாளர் பத்மநாபன் சார் காலையிலேயே கூப்பிட்டு, தீபாவளிக்குள் புல் மொத்தமும் வெட்டியாக வேண்டும் என்றார்.

மெசின் நன்றாகத்தான் கிளம்பியது. பத்து நிமிடம் ஓடியது. பிறகு சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே இழுபறி. கடைசியில் புஸ்ஸென்று நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து இழுத்தால் கிளம்புகிறது, மறுபடியும் நிற்கிறது.

மாரப்பன் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “அக்கா, மெசினுக்கு மூச்சு முட்டற மாதிரி இருக்குதுங்க.”

“ஆமா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஆக்சிஜன் வைக்கலாம். போப்பா.”

பீளமேட்டில் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் காயில் சுற்றியவள் நான். இரண்டு மாதம் மெசின் தள்ளியவன் எனக்கு வைத்தியம் சொல்கிறான்.

சாயங்காலம் அவன் மெசினைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். பொட்டிலும் கை வைக்கப் போனான். விட்டேன் ஒரு டோஸ். சாமிக்கு வைத்த பொட்டு, அதுவாக உதிர வேண்டும், துடைக்கக் கூடாது என்று தெரியாதா? “சரிங்க்கா, சரிங்க்கா” என்று அதைச் சுற்றி மட்டும் துடைத்தான்.

142/90. மழை நாளில் இப்படித்தான் ஏறும்.

அக்டோபர் 6, திங்கள்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இடைவெளி சரிபார்த்து மாட்டினேன். ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண். சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்து மாட்டினேன். மூச்சு முட்டுது என்றானே, இதோ எடுத்துவிட்டேன் அடைப்பை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடம். நின்றுவிட்டது.

அக்டோபர் 8, புதன்

இன்று கார்புரேட்டரையே இறக்கிவிட்டேன். அடிக் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டை எடுத்து, ஒற்றைச் செம்புக் கம்பியை உள்ளே விட்டு ஊதி, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினேன். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. மத்தியானச் சாப்பாடே அந்த வாடையோடுதான் இறங்கியது. பழைய கேஸ்கட்டை எறிந்துவிட்டுப் புதியது போட்டேன்.

பத்து நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட இல்லை.

பத்மநாபன் சார் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சும்மா நின்றாலே நமக்கு வீட்டுப்பாடம் முடிக்காத மாதிரி இருக்கும். “என்ன அம்சவேணி, உங்களுக்கே பிடிபடலையா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிடிபடாமல் என்ன!

148/94.

அக்டோபர் 9, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். பெட்ரோல்தான்.

காலையில் கேனைத் திறந்து மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது. பெட்ரோல் வாங்கி வருவது மாரப்பன். அவன்தான் டி.வி.எஸ்.ஸில் கேனைக் கட்டிக்கொண்டு போய் வருகிறான். சந்தேகம் தீர வேண்டுமே என்று வாட்ச்மேனை அனுப்பிப் புதுப் பெட்ரோல் வாங்கி வரச் சொன்னேன். பழையதை மொத்தமாக வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, செயலாளர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். குழந்தை மாதிரி ஓடியது. ஏழு நிமிடம் ஓடியிருக்கும். “போதும் நிறுத்துங்க, காது வலிக்குது” என்றார்.

மாரப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார். “நான் அப்படியெல்லாம் செய்யலீங்க சார். பங்க்ல புடிச்ச பெட்ரோல அப்படியே கொண்டாந்து வெச்சனுங்க” என்றான். குரல் உயரவே இல்லை. தப்பு செய்யாதவன் இப்படியா நிற்பான்? எனக்கென்றால் வாய் சும்மா இருக்குமா?

நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார் சார். ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பத்மநாபன் சார் நான் எழுதிக் கொடுத்ததை நின்றுகொண்டு வாசித்தார். பெட்ரோலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் கலந்ததாகத் தெரிய வந்திருக்கிறது, மாரப்பன் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பூங்கொடி விரும்பினால் வேலையில் தொடரலாம் என்றார். புருஷனை அனுப்பிவிட்டு அவள் மட்டும் எங்கே தொடர்வது?

இவ்வளவு பேர் முன்னால் வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் கொடுத்தால் கூப்பிட்டுக் கண்டிப்பார், அவ்வளவுதான் என்றிருந்தேன். பூங்கொடி சாம்பார் வாளியோடு நடுவில் நின்றிருந்தாள். என் பக்கம் அவள் பார்க்கவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை, தட்டில் பூசணிக்காயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

152/96. ஊறுகாயை நிறுத்த வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

போய்விட்டார்கள். ஒரு மினி ஆட்டோவில் சாமான் மொத்தமும் அடங்கிவிட்டது. பூங்கொடியின் அம்மா வீடு புளியம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். வீட்டுச் சாவியை மாரப்பன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தான். “மேக்கால ஓரத்துல செம்பருத்திக்குத் தண்ணி விட்டுருங்க்கா” என்றான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

இன்று பெட்ரோலை நானே போய் வாங்கினேன். என் கையால் கேனைப் பிடித்து, என் மடியில் வைத்து, ஆட்டோவில் கொண்டுவந்தேன். டாங்கில் நானே ஊற்றி, நானே தள்ளினேன்.

பத்து நிமிடம் ஓடியது. ஏறி இறங்கியது. நின்றுவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. மூடிவிட்டு இழுத்தேன், கிளம்பியது. மறுபடியும் பத்து நிமிடம். மறுபடியும் நின்றது.

புல்வெளி நடுவில் நான் மட்டும் நின்றிருந்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மெசினைத் தள்ளிக்கொண்டுபோய் ஷெட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

சார் கேட்டதற்கு, பிளேடு தீட்ட வேண்டும் என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

164/102. ஊறுகாய் தொட்டே நாலு நாள் ஆகிறது. சாப்பிடவும் பிடிக்கவில்லை.

ஷெட்டில் அந்தப் பழைய கேன் அப்படியே இருக்கிறது. திறந்து மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடைதான் அடித்தது. மண்ணெண்ணெய் வாடையே இல்லை. போன வாரம் அடித்தது என் கை வாடையா? அடக் கடவுளே, என் கையைத்தான் மோந்தேனா?

அக்டோபர் 15, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

விடிந்ததுமே மெசினை வெளியே எடுத்தேன். இன்றைக்கு எது ஆனாலும் சரி, நீயா நானா பார்த்துவிடுவது என்று இருந்தேன். ஓட்டினேன். பத்தாவது நிமிடம் ஏறி இறங்க ஆரம்பித்தது. வழக்கமாக நான் அந்த நேரம் திட்டிக்கொண்டே நிறுத்திவிடுவேன். இன்று நிறுத்தவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டேன். எரிபொருள் போதாமல் தவிக்கிற சத்தம். டாங்கு நிறைய இருக்கிறது, ஜெட் சுத்தம், குழாய் சுத்தம், பிறகு ஏன் இறங்க மாட்டேன் என்கிறது? சாகக் கிடக்கிறவர் மாதிரி இழுத்தது. மூச்சு முட்டற மாதிரி இருக்குதுங்க என்று மாரப்பன் சொன்னது அப்போது காதில் விழுந்தது.

அப்புறம் செய்தது யாரும் செய்யக் கூடாத வேலை. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் மூடியில் கை வைக்கவே கூடாது. நான் வைத்தேன். அரைச் சுற்றுத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மெசின் ஒரு தடவை இருமிவிட்டு, சீராக, அழகாக ஓட ஆரம்பித்தது.

நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன்.

அதன் மேல் என் சந்தனம். அரை அங்குலக் கனத்துக்குக் காய்ந்து இறுகி, நடுவில் குங்குமத்தோடு. அதற்கு அடியில்தான் அந்த மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டாங்குக்குள் இழுவை ஏறி, பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைத் திறந்தால் காற்றுப் போய்ப் பத்து நிமிடத்துக்கு ஓடும். பிளக்கைத் தேய்த்தாலும், பெட்ரோல் மாற்றினாலும், பெட்ரோல் அளவு பார்க்க நான் ஒவ்வொரு தடவையும் அந்த மூடியைத் திறந்து மூடியிருக்கிறேன். அதனால் கிளம்பியதை நான் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். புதுப் பெட்ரோல்தான் காரணம் என்று நினைத்தேன்.

போன வருஷம் வரை கைப்பிடியில் வைத்த பொட்டை, இந்தத் தடவை மெசினில் நெற்றி மாதிரி அகலமாக இருக்கும் இடம் இந்த மூடிதான் என்று பார்த்துப் பார்த்து வைத்தவள் நான். துடைக்க வந்தவனைத் துடைக்க விடாமல் தடுத்தவளும் நான்.

வெந்நீரில் மூடியை ஊறவைத்து, ஊசியால் துளையைக் குத்தி எடுத்தேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மாட்டி ஓட்டினேன். நாற்பது நிமிடம்! ஒரே மூச்சில்! தெற்குப் பக்கம் முழுவதும் வெட்டி முடித்தேன். சந்தோஷத்தில் குதிக்கத்தான் தோன்றியது. இரண்டு சுற்று அப்படித்தான் போனேன். மூன்றாவது சுற்றில் செம்பருத்திப் பக்கம் வந்தபோது மெசினை நிறுத்திவிட்டு, வெட்டின புல் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 16, வியாழன்

செயலாளரிடம் சொன்னேன். மூடியைக் கொண்டுபோய்க் காட்டியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சரி, மெசின் ஓடுதில்ல? அது போதும். முடிஞ்சதைக் கிளறாதீங்க அம்சவேணி. திங்கள்கிழமை கழிச்சு ஒரு புது ஆள் வரேன்னிருக்கான்.”

“சார், அந்த மனுசன் ஒரு தப்பும் பண்ணலீங்க. நான் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு.”

“அதை இப்போ வெளியில சொன்னா உங்களைத்தானே எல்லாரும் கேட்பாங்க? நிர்வாகக் குழு என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?”

“கேக்கட்டுங்க. அவனக் கேட்டப்ப யாரும் யோசிக்கலியே.”

மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அன்னிக்கு நானும் ஏழு நிமிஷத்துல நிறுத்தச் சொல்லிட்டேன்” என்றார். அவராகச் சொன்னார். போய் அழைத்து வாருங்கள், புது ஆளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

பாதிப் பாரம் இறங்கிவிட்டது. 150/94.

அக்டோபர் 17, வெள்ளி

காந்திபுரம் போய்ப் பஸ் பிடித்து, புளியம்பட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வாசலில் பூங்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. மாரப்பன் உள்ளேயிருந்து வந்து ஸ்டூலை எடுத்துப் போட்டான். உட்கார மனசில்லாமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம், மூடி, துளை, கை வாடை, எல்லாம்.

அவன் கேட்ட முதல் கேள்வி இது. “இப்ப நல்லா ஓடுதுங்களா?”

“நாப்பது நிமிசம் நிக்காம ஓடுச்சு.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நாந்தான் மூச்சு முட்டுதுன்னு சொன்னனுங்களே!”

பூங்கொடி வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். “திருடன்னு சொன்னவங்ககிட்ட மெசின் சௌக்கியத்தக் கேட்டுட்டு நிக்கறீங்களே, உங்களுக்கு ரோசமே இல்லீங்களா?” என்று அவனைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க்கா, வூடு தேடி வந்து இங்க மூணு பேரு மத்தியில சொல்லிட்டாச் சரியாப் போச்சுங்களா? அன்னிக்கு அத்தன பேரு முன்னால படிச்சாங்க. நான் வாளியோட நடுவுல நின்னேன். பொறகு ரெண்டு நாளு ஒவ்வொருத்தருக்கும் சோறு போடறப்ப அவங்க என்ற மூஞ்சியப் பாத்த பார்வை எனக்குத்தான் தெரியும்.”

“நான் என்ன செய்யோணும், சொல்லு கண்ணு.”

“அதே கூடத்துல, அதே நேரத்துல, உங்க வாயால சொல்லோணும். அன்னிக்கு இருந்த ஒருத்தரு பாக்கி இல்லாம எல்லாருக்கும் தெரியோணும். அப்பறந்தான் நாங்க சாமான எறக்குவோம்.”

“சொல்றேன்” என்றேன். மாரப்பன், “அதெல்லாம் எதுக்குங்க்கா” என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைச் சும்மா இருக்கச் சொன்னோம்.

அக்டோபர் 18, சனி

பன்னிரண்டே முக்காலுக்கு மினி ஆட்டோ வந்தது. சாமான் அதிலேயே இருந்தது. பூங்கொடியும் மாரப்பனும் சாப்பாட்டுக் கூடத்தின் சமையலறைக் கதவு ஓரமாக வந்து நின்றார்கள். பத்மநாபன் சார் எழுந்து, அம்சவேணி ஒன்று சொல்ல வேண்டுமாம் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து வாசித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்று வரி முடிந்திருக்கும், முதல் வரிசையிலிருந்து கோவிந்தராஜு ஐயா காதருகே கையைக் குவித்தார். “என்னம்மா சொல்றே? கேக்கலை, சத்தமா!”

சத்தமாக வாசித்தேன். “பின்னால ஒண்ணுமே விழலை” என்று கடைசி மேசையில் ஒருவர் சொன்னார். இன்னொருவர், இரும்மா, மெசினை மாட்டிக்கிறேன் என்று சட்டைப்பையில் காது மெசினைத் தேடினார். தேடி முடியும் வரை நான் காத்திருந்தேன். நடு வரிசையில் இரண்டு பேர் என்ன விஷயம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூங்கொடியைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஒருத்தர் பாக்கி இல்லாமல் என்று சொன்னாளே.

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு முதல் மேசைக்குப் போனேன். குனிந்து, கோவிந்தராஜு ஐயா காதருகே சொன்னேன். “மாரப்பன் திருடலீங்க. ஒரு சொட்டுத் திருடலை. மெசின் காத்து வாங்கற ஓட்டையில சந்தனத்த அப்பி அடைச்சது நானு. தெரியாம அவன் மேல பழி போட்டதும் நானு.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியா, அப்படியா என்றார். அடுத்த மேசைக்குப் போய் அதையே சொன்னேன். லோகாம்பாள் அம்மா, “அட பாவமே, அந்தப் புள்ள எவ்வளவு நொந்திருக்கும்” என்றார். ஆமாங்க என்றேன். ஐந்தாவது மேசையில் ஒருவர், நீ மெக்கானிக்காச்சே, உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு என்று கேட்டார். “திமிருங்க ஐயா, வேறென்ன” என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது. கூடத்தில் மொத்தம் எட்டு மேசை. எட்டிலும் சொன்னேன். கடைசியில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பூங்கொடியிடம் போனேன். “போதுமா கண்ணு?”

“உள்ள பாத்திரம் கழுவறவங்க ரெண்டு பேரு இருக்காங்க. அன்னிக்கு அவங்களும் கேட்டாங்க.”

உள்ளே போய் அவர்களுக்கும் சொன்னேன். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

திரும்பி வந்தபோது பூங்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தாள். மாரப்பன் ஆட்டோவிலிருந்து முதல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் ஒரு தட்டை எடுத்துக் கடைசி மேசையில் வைத்து, நாற்காலியை இழுத்தாள்.

“வந்து உக்காருங்க்கா. சோறு ஆறுது.”

நான் ஒரு வாரமாக வயிறு நிறையச் சாப்பிடவில்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.